மாமா வீட்டுக்கு ஒரு மேகம் குறைகிறது

போளூரில் தணிகாசலத்தின் மாடி வீட்டுக்கு மூன்று அண்ணன் தம்பிகள் காவல். மூத்தவன் வடமலை, நடுவன் ஏழுமலை, கடைசி சின்னமலை. பெயரில் மூன்று மலை இருந்ததே தவிர, மூன்று பேர் மூளையையும் சேர்த்துக் கொட்டினால் ஒரு வரப்புக்குக்கூடக் காணாது. ஆனால் தங்கமான பிள்ளைகள். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். தொல்லையே அதுதான்.

தணிகாசலம் அவர்களுக்குத் தாய்மாமன். மெல்பர்னில் வேலை, அங்கேயே குடித்தனம். வீட்டுக்குப் பின்னால் இருந்த அறையில் வடமலையும் பெண்டாட்டி பச்சையம்மாவும் வாடகை இல்லாமல் குடியிருந்தார்கள். அந்த அறை வடமலைக்கு உயிர். அது போனால் திரும்ப மாமியார் வீட்டுக்குத்தான் போகவேண்டும். அங்கே அவன் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் மாமியார் பெருமூச்சு விடுவாள்.

ஒருநாள் மாமா போன் செய்தார்.

“வடமலை, வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளிக்கிழமையோட முடியுது. புதுப்பிக்கிறதுக்கு முன்னாடி கம்பெனி ஆளு வந்து பாப்பாரு. இங்கேர்ந்து நான் வரமுடியாது. போன வருஷம் அவங்க எடுத்த போட்டோவை உனக்கு அனுப்பியிருக்கேன். வீடு அதுல இருக்கிற மாதிரியே இருக்கணும். ஒரு மாத்தமும் கூடாது. புரிஞ்சுதா?”

“நல்லாப் புரிஞ்சுது மாமா.”

“அப்படித்தான் போன தடவையும் சொன்ன. சாவியை வீட்டுக்குள்ள பத்திரமா வைடான்னேன். உள்ள வெச்சிட்டுக் கதவை இழுத்துப் பூட்டிட்ட. இந்தத் தடவையும் சொதப்பினா ரூமைக் காலி பண்ணிடு.”

வடமலை உடனே தம்பிகளைக் கூப்பிட்டான். மூன்று பேரும் செல்போனைச் சுற்றிக் குந்திக்கொண்டு போட்டோவை ஆராய்ந்தார்கள்.

முதலில் கண்ணில் பட்டது சுவர். போட்டோவில் காரை பெயர்ந்து பல்லிளித்தது. இப்போதோ பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பில் பளபளவென்று இருந்தது. மண்வெட்டியை எடுத்துச் சுரண்டினார்கள். அடுத்தது ஜன்னல். போட்டோவில் கண்ணாடியின் ஓரத்தில் விரிசல். ஏழுமலை சின்னக் கல்லாகப் பொறுக்கி எறிந்தான், கண்ணாடி முழுக்கக் கொட்டிவிட்டது. உடனே கடைக்கு ஓடிப் புதுக் கண்ணாடி வாங்கிவந்து மாட்டி, இந்தமுறை பதமாக உடைத்தார்கள்.

அப்புறம்தான் ஆடு. போட்டோவில் வீட்டு வாசலில் கறுப்பு ஆடு ஒன்று செம்பருத்தியைக் கடித்தபடி நின்றது. அது ஆடி மாசத்திலேயே குழம்பாகிவிட்டது.

“ஆடெல்லாமா வீட்டுல சேரும்?” என்று சின்னமலை கேட்டான்.

“போட்டோவுல யாருடா முன்னாடி நிக்கிறது? வீடா, ஆடா?” என்று வடமலை திருப்பிக் கேட்டான்.

“ஆடுதான்.”

“அப்ப வீடு ஆட்டுக்குப் பின்னாடிதான? முதல்ல ஆட்டைக் கவனி.”

பக்கத்து வீட்டில் வெள்ளாட்டைக் கேட்டு வாங்கிவந்தார்கள். அது பால்போல வெள்ளையாக இருந்ததால் சின்னமலை தன் தலைக்கு வைத்திருந்த மையை மனசார அதற்குப் பூசிவிட்டான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது ஏழுமலை பெருமூச்சு விட்டான்.

“அண்ணே, மாடி மேல ஒரு மேகம் இருக்குதே.”

அண்ணாந்து பார்த்தார்கள். வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. வடமலைக்கு மாமியாரின் முகம் தெரிந்தது. கண் கலங்கிவிட்டான்.

“மேகத்துக்கு நான் எங்கடா போவேன்?”

“இதுக்கா அழற? அண்ணி அடுப்பு மூட்டினா தினமும்தான் மேகம் வருது” என்றான் சின்னமலை.

இவனல்லவோ தம்பி! வெள்ளிக்கிழமை காலையில் மாடியில் ஒரு பழைய அண்டாவில் ஈர வைக்கோலைத் திணித்துக் கொளுத்தினார்கள். மேகம் குபுகுபுவென்று கிளம்பியது. வடமலை போட்டோவில் இருந்தபடியே சுவரில் சாத்திய ஏணியில் ஏறி நின்றான். ஏழுமலை முதுகைச் சொறிந்தான். சின்னமலை ஆட்டுக்கயிற்றைப் பிடித்தான். போட்டோவில் மூவருக்கும் வாய் மூடியிருந்ததால் இறுக மூடிக்கொண்டார்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனியின் கஜபதி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

“ஐயோ, வீடு எரியுதே! யோவ், இறங்குய்யா! ஓடுங்கய்யா!”

ஒருவரும் அசையவில்லை. மனுஷன் தானே படியேறி ஓடி, தொட்டித் தண்ணீரை மொண்டு அண்டாவில் ஊற்றி, முகமெல்லாம் கரியாகக் கீழே வந்தார். வாசலில் நின்று மூச்சு வாங்கினார். வடமலை உதட்டைப் பிரிக்காமல் முனகினான்.

“சார், நீங்க போட்டோவுல இல்ல. கொஞ்சம் கேட்டுக்கு வெளிய நில்லுங்க.”

கஜபதி வெளியே போய்விட்டார், பயத்தில்தான். அங்கிருந்தபடியே கேள்வி மேல் கேள்வி போட்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டார். பிறகு ஸ்கூட்டர் சீட்டில் குத்திக் குத்திச் சிரித்தார்.

“புதுசா ரூம் ஏதும் கட்டியிருக்கா, இடிச்சிருக்கான்னு பாக்கத்தான்யா வந்தேன். ரெண்டும் இல்ல. தலைக்கு மேல புகைஞ்சாலும் நகராத காவலை என் சர்வீஸ்ல பாத்ததில்ல. எங்க, எல்லாரும் சிரிங்க.”

கேட்டுக்கு வெளியே, ஸ்கூட்டருக்குப் பின்னால் நின்றே ஒரு படம் எடுத்து மாமாவுக்கும் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் மாமா போனில் வந்தார்.

“புதுப்பிச்சாச்சுடா! ரூம்லயே இரு. அடுத்த வருஷமும் வீடு இந்தப் போட்டோவுல இருக்கிற மாதிரியே இருந்தா போதும்.”

வடமலைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏணியிலிருந்து ஒரு காலை எடுத்தவன், யோசித்து, மறுபடி வைத்தான்.

“டேய், இறங்கினாத்தான் அடுத்த வருஷம் திரும்ப ஏறணும். ஆடு தேடணும், கண்ணாடி உடைக்கணும். கலையாம இப்படியே இருந்துட்டா?”

“ஒரு செலவும் இல்ல” என்றான் ஏழுமலை.

கஜபதி ஸ்கூட்டரைக் கிளப்பப் போனார். ஏழுமலை பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“வண்டியும் போட்டோவுல விழுந்திருக்கு சார். அடுத்த வருஷம் வந்து எடுத்துக்குங்க.”

மாடியில் இன்னும் கொஞ்சம் மேகம் மிச்சமிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, வம்பே வேண்டாம் என்று கஜபதி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனார்.

சாயங்காலம் நல்ல மழை பிடித்தது. ஆடு வெளுத்தது. பச்சையம்மா பின் அறையிலிருந்து தலையை நீட்டிக் கத்தினாள்.

“யோவ், உள்ள வந்து படுய்யா!”

“போட்டோவுல நான் உள்ளயா இருக்கேன்?” என்றான் வடமலை. போட்டோவில் சிரித்திருந்ததால் பல்லைக் காட்டியபடியே நனைந்தான். “நீ நிம்மதியாத் தூங்கு பச்சையம்மா. இனிமே அந்த ரூமைவிட்டு என்னை ஒருத்தனும் வெளிய அனுப்பமுடியாது!”