கயிற்றின் நீளம்

இஞ்சின் படகுப் பந்தயத்துக்கான சட்டமெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் அடங்கிக் கிடந்த காலம் அது. அப்போது எங்கள் கடற்கரையில் ரெமிஜியூஸ் என்று ஒருத்தர் இருந்தார். அந்தப் பந்தயத்தில் ஆறு வருஷமாகத் தன் மச்சானிடமே தோற்றவர்.

வயது ஐம்பத்துநாலு. அடுத்த வருஷம் மகனோடு மஸ்கட்டுக்குப் போய்விடுவார். இதுதான் கடைசி ஓட்டம்.

நோட்டு பிளேவியாவின் கையில் இருந்தது. இஞ்சின் பட்டறைக்காரி, அவரைவிடப் பத்து வயது இளையவள். இஞ்சினை அவிழ்த்துப் பூட்ட அவருக்குக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். படகுகளை அவள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஓட்டம்.

"மேஸ்திரியம்மா, என்னைய ஏன் நிறுத்தி வச்சிருக்கிய?"

"இந்தக் கயிறு என்ன அண்ணாச்சி, இவ்வளவு நீளம்?"

இஞ்சினை அணைக்கும் கயிறு அது. ஒரு முனை இஞ்சின் சுவிட்சில், மறுமுனை ஓட்டுகிறவர் இடுப்பில். ஆள் விழுந்தால் கயிறு இழுபடும், இஞ்சின் நிற்கும்.

"அணியத்துல, முன்மூக்குல போய்ப் படுத்து அமுக்கினாத்தான் படகு தூக்காது. அதான் நீளமா போட்டேன். அங்கயிருந்தே திருப்ப இஞ்சின் கைப்பிடியில நீளக் கம்பு கட்டியாச்சு."

"ம்."

"ஒங்க நோட்டுல என்ன இருக்கு? 'கயிறு கட்டியிருக்க வேண்டும்.' கட்டியிருக்கேன். நீளம் எங்க போட்டிருக்கு? காட்டுங்க பாப்போம்."

"போடலை."

"அப்போ கையெழுத்து?"

"போடுதேன். அணியத்துல படுங்க."

மணலில் நின்ற படகில் ஏறிப் படுத்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "அண்ணாச்சி, தலவாணி வேணுமா?" என்றான் ஒருத்தன்.

"இப்ப விழுந்துட்டிய. பக்கத்துல இறங்குங்க."

இறங்கினார்.

"நீங்க தண்ணியில கிடக்கிய. படகு முன்னால ஓடுது. மணல்ல படகு ஓடாது, அதனால நீங்க பின்னால நடங்க. கயிறு இறுகினதும் நில்லுங்க."

படகை ஒட்டியே நடந்தார். கயிறு தொய்ந்தது. இன்னும் நடந்தார். இன்னும் தொய்ந்து மணலில் கிடந்தது.

முழங்காலில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தார்.

தண்ணீருக்குள் சுழலும் இஞ்சின் விசிறி.

சிரிப்பு நின்றுவிட்டது. பெட்ரோல் வாசம் மட்டும் காற்றில் நின்றது.

"இறுகிச்சா அண்ணாச்சி?"

அவர் விசிறியின் இதழைத் தொட்டுப் பார்த்தார்.

பிளேவியா சொன்னபடியே கையெழுத்துப் போட்டு நோட்டை நீட்டினாள்.

"கத்தி இருக்கா?" என்றார்.

கொடுத்தாள். கயிற்றை இரண்டு முழத்தில் அறுத்து மறுபடி முடிந்தார்.

"இனி அணியத்துக்குப் போக முடியாதே. ஒங்க மச்சான் சும்மா விடுவாரா?" என்றாள் பிளேவியா.

"பேனாவக் குடுங்க."

கட்டியிருக்க வேண்டும் என்ற வரிக்குக் கீழே எழுதினார்: 'கட்டியவர் இறங்கிப் பின்னால் நடந்து பார்க்க வேண்டும்.'

நீளத்துக்கு எண் எதுவும் போடவில்லை.

ஊதல் கேட்டது. நின்றவர்கள் தண்ணீர்ப் பக்கம் ஓடினார்கள். ரெமிஜியூஸ் படகைத் தள்ளிக்கொண்டு போனார். பிளேவியா அந்த வரியை ஒருதரம் படித்தாள். நோட்டை மூடினாள். கயிற்றில் அறுபட்டுக் கிடந்த மிச்சத்தைச் சுருட்டிக்கொண்டு கரையேறிப் போனாள்.