நாலாம் முடிப் பாறை

“அவன் ஏனுங்க அம்மணி வரவே மாட்டேங்கறான்?”

ஆறு வருஷமாக ராக்கியப்பன் கேட்பது இந்த ஒரே கேள்விதான். வேலாத்தாளிடம் வருகிற மற்றவர்கள் முக்தி எப்படிக் கிடைக்கும் என்று கேட்பார்கள். மனசு அடங்க வழி கேட்பார்கள். மகனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்றுகூட ஒருத்தர் கேட்டார். ராக்கியப்பன் தன் சிநேகிதன் நாச்சிமுத்துவைப் பற்றித்தான் கேட்பார்.

வேலாத்தாளுக்கு வயது நாற்பத்தொன்று. அஞ்சுமுடி மலையின் அடிவாரத்தில், வனத்துறை கேட்டுக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஓர் அறையில் இருந்தாள். மலை ஏறுகிறவர்களுக்கு மூங்கில் தடி சீவிக் கொடுப்பாள். குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அந்த அறையைத் தாண்டிப் போய்விடுவார்கள். போகட்டும்.

ராக்கியப்பனுக்கு அறுபத்துமூன்று. லேத் பட்டறை வைத்திருந்தவர். ஊரே அவளைச் சாமி என்று கூப்பிட்டாலும் இவர் அம்மணி என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கும் அதுதான் பிடித்திருந்தது.

“நீங்க அவருக்கு என்னங்க பண்ணுனீங்க?” என்று கேட்டாள் வேலாத்தாள்.

“ஒண்ணுமே பண்ணலீங்க.”

“செரி.”

ஆறு வருஷமாக அவள் கேட்பதும் இதுதான். இவர் சொல்வதும் இதுதான். ‘செரி’யோடு பேச்சு முடிந்துவிடும்.

அன்றைக்கு மட்டும் அவள் தடி சீவுவதை நிறுத்தினாள்.

“நாளைக்கு நானும் வர்றனுங்க அய்யா, மலைக்கு.”

*

மழையும் பனியும் போய் மாசி முதல் தேதிதான் கேட் திறக்கும். அன்றைக்கு ஏறுவதற்குத் தலைநாள் ஏற்றம் என்று பெயர். விடியலில் கிளம்ப வேண்டும். உச்சியான அஞ்சாம் முடியைத் தொட வேண்டும். இருட்டுக்கு முன்னால் கேட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

தலைநாள் ஏறுகிறவன் யாருக்காகவும் நிற்கக் கூடாது. அது அங்கே வழக்கம்.

உச்சியைத் தொடாமல் திரும்பினால், அதுவரை ஏறின வருஷமெல்லாம் அழிந்துபோகும். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இருபத்தைந்து வருஷம் விடாமல் ஏறினவனுக்கு அடிவாரக் கோயிலில் பரிவட்டம் கட்டுவார்கள்.

இதெல்லாம் மலைக்குத் தெரியுமா என்று யாரும் விசாரித்ததில்லை.

ராக்கியப்பனுக்கு அது இருபத்தைந்தாவது வருஷம்.

*

முதல் முடிக்குள் வேர்த்துவிட்டது. பத்துப் பதினைந்து பேர்தான் வந்திருந்தார்கள். இளவட்டங்கள் எல்லாம் ஓடி முன்னால் போய்விட்டார்கள். சீசன் தொடங்கும் நாள் என்பதால் வழியில் சுக்குக் காப்பிக் கடையோ சோடாக் கடையோ இன்னும் வரவில்லை. ஆள் நடக்காத நாலு மாசத்தில் புல் பாதையை மூடியிருந்தது. புல்லின் ஈரத்தில் வேட்டி முழங்கால் வரை ஒட்டிக்கொண்டது.

“அவனிருந்தா இந்நேரம் பாடிட்டு வருவானுங்க” என்றார் ராக்கியப்பன்.

“நல்லாப் பாடுவாருங்களா?”

“கருமம். யானையே எந்திரிச்சுப் போயிரும்.”

சிரித்தார்.

*

இரண்டாம் முடியில் யானைச் சாணி கிடந்தது. வேலாத்தாள் குனிந்து தொட்டுப் பார்த்தாள்.

“நேத்துதுங்க. பயமில்லை.”

“அம்மணி, ஒண்ணு சொல்லட்டுங்களா? டீக்கடைக்குப் போனா இன்னமும் ‘ரெண்டு டீ’ன்னுதான் வாயில வருது. அப்புறம் ‘ஒண்ணு போதும்’னு மாத்திச் சொல்றன். கடைக்காரன் இப்பல்லாம் சிரிக்கறதுகூட இல்லீங்க.”

அவள் தடியை ஊன்றி நடந்தாள்.

*

மூன்றாம் முடியின் இறக்கத்தில் ஓர் ஓடை. இன்னும் ஒரு மாசம் போனால் வற்றிவிடும். அன்றைக்குத் தண்ணீர் பல் கூசும் குளிர்ச்சியில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் குடித்தார்கள். கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார்கள்.

அங்கேதான் ராக்கியப்பன் முழுசாகச் சொன்னார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக.

“அது எங்களுக்குப் பத்தொம்பதாவது வருஷமுங்க. ரெண்டு பேரும் ஒண்ணா ஆரம்பிச்சோம், ஒண்ணாப் பரிவட்டம் கட்டிக்கறதுன்னு பேச்சு. நாலாம் முடிகிட்ட அவனுக்குக் கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. அங்க ஒரு பாறை இருக்குதுங்களே, அதுல உக்காந்துட்டான்.”

“நீங்க?”

“நின்னனுங்க. உருவி விட்டன். விடலை. அப்ப அவனே சொன்னான். ‘ராக்கியா, நீ போடா. எனக்காக நிக்காத. வருஷம் அறுந்துரும், போ’ன்னான்.”

“போயிட்டீங்க.”

“வழக்கம் அதுதானுங்களே! அவனே வாய் விட்டுச் சொன்னதுக்கப்புறம் நான் என்னங்க பண்றது? ஓடிப்போய் உச்சியைத் தொட்டுட்டு, ஓடியாந்தன். பாறையில ஆளில்லை.”

நாச்சிமுத்து இந்தப் பக்கம் இறங்கவே இல்லை. நாலாம் முடியிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பாதை போகிறது. கெண்டைக்காலை இழுத்துக்கொண்டு அதில் இறங்கி, சேம்பரை என்ற ஊரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அப்புறம் ஊருக்குத் திரும்பவில்லை. வீட்டுச் சாமானைக்கூட ஆள் வைத்துத்தான் எடுத்துப்போனார்.

“ரெண்டு தடவை சொல்லி விட்டனுங்க. பதிலே இல்லை. அவன் சொல்லித்தானே போனன்? எம்மேல என்ன தப்புங்க அம்மணி?”

வேலாத்தாள் இலையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

“நேரமாகுதுங்க. ஏறலாம்.”

*

நாலாம் முடி செங்குத்து. தடியை ஊன்றி, கையை ஊன்றி, சில இடங்களில் முழங்காலையும் ஊன்றி ஏற வேண்டும். ஏறி முடிகிற இடத்தில் அந்தப் பாறை. ஆறு வருஷமாக ராக்கியப்பன் அதைப் பார்க்காமலே தாண்டிப் போகப் பழகியிருந்தார்.

அன்றைக்கு அதற்கு நாலடி முன்னால் அவருடைய கெண்டைக்கால் முறுக்கி இழுத்தது.

“அம்மா!”

கத்திக்கொண்டே பாறையில் சரிந்து உட்கார்ந்தார். வேலாத்தாள் குதிகாலைப் பிடித்து இழுத்தாள். பாதத்தை மடக்கினாள். சதையை உருவி விட்டாள். கால் இறுகினது இறுகினபடியே இருந்தது.

மணி பதினொன்றரை. மேலே அஞ்சாம் முடி வெயிலில் தெரிந்தது. முக்கால் மணி நேர ஏற்றம்.

இருபத்தைந்து வருஷம் ஏறி, கண்ணுக்கெதிரே நிற்கிற உச்சி. ராக்கியப்பனுக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டார். தன்னால் இந்தப் பெண்ணுக்கும் தலைநாள் கெட வேண்டாம் என்று தோன்றியது.

“நீங்க போங்க அம்மணி. எனக்காக நிக்காதீங்க.”

வேலாத்தாள் போனாள்.

*

நம் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. ‘நீங்க போங்க’ என்று சொன்னால், எதிராளி ‘உங்களை இப்படி விட்டுட்டு எப்படிங்க’ என்பார். ‘அட, எனக்கு ஒண்ணுமில்லைங்க, போங்க’ என்று இன்னொரு தடவை சொல்லலாம். மூன்றாவது தடவைக்கு எதிராளி பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். விருந்தாளி சோறு வேண்டாம் என்பதும் இந்த மாதிரிதான். வேண்டாம் என்றதும் இலையை எடுத்துவிடுகிற வீடு உண்டா?

ராக்கியப்பன் இரண்டாவது தடவை சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தார். அவள் அதற்குள் இருபது அடி போயிருந்தாள்.

*

நாலாம் முடிக்கு மேல் மரம் கிடையாது. வெறும் புல்தான். பாதை முழுக்கத் தெரியும். போகிற ஆளும் உச்சி வரைக்கும் தெரிவார். இத்தனை வருஷம் ஏறியும் இது ராக்கியப்பனுக்குத் தெரியாது. அவர் அந்தப் பாறையில் உட்கார்ந்ததே இல்லை.

வேலாத்தாளின் வெளுத்த பச்சைச் சேலை மேலே மேலே போனது.

முதல் வளைவில் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தார். பார்த்தால் கவலைப்படக் கூடாதே என்று முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டார்.

அவள் திரும்பவில்லை.

அடுத்த வளைவிலும் திரும்பவில்லை. காற்றில் துண்டு பறந்தது. பறந்தால் கண்ணில் படுமே என்று அதை அப்படியே விட்டார்.

உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கின நாலு பேர் அவரைத் தாண்டிப் போனார்கள்.

“கொஞ்ச தூரம்தானுங்க பெரியவரே, எந்திரிங்க” என்றான் ஒருத்தன். நிற்காமலே சொன்னான்.

சேலை இப்போது ஒரு புள்ளி. ராக்கியப்பனுக்குக் கோபம் வந்தது, குளிர் எடுத்தது. அப்புறம் அறுபத்துமூன்று வயசு ஆள், சந்தையில் கைவிட்ட பிள்ளையைப் போல, வாய்விட்டு அழுதார். வலி எப்போது போனது என்றே அவர் கவனிக்கவில்லை. பரிவட்டம் ஞாபகத்தில் இல்லை. ஒரே ஒரு தடவை, அந்தத் தலை திரும்பினால் போதும்.

புள்ளி உச்சியில் ஏறி மறைந்தது.

*

வேலாத்தாள் இறங்கி வந்தபோது மணி ஒன்று ஆகப்போனது.

“கால் எப்படிங்க இருக்குது?”

ராக்கியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தேவலைங்களா?”

“ஒரு தடவை திரும்பிப் பாத்தீங்களா அம்மணி? ஒரே ஒரு தடவை?”

“இல்லீங்க.”

“குருன்னு உங்க காலடியில ஆறு வருஷம் கெடந்தன். இப்படி உட்டுட்டுப் போக எப்படிங்க மனசு வந்துச்சு?”

“நீங்கதான் போகச் சொன்னீங்க.”

“போன்னு சொன்னா போயிடறதா?”

கத்திவிட்டார். எதிர் மலையில் பட்டு அந்தக் குரல் ஒரு தடவை திரும்பி வந்தது.

ராக்கியப்பன் அதைக் கேட்டார்.

கையால் தடவித் தடவி, தான் உட்கார்ந்திருந்த பாறையைப் பார்த்தார். பிறகு உச்சி வரைக்கும் போகிற பாதையைப் பார்த்தார். அதில் ஒரு மனுஷன், ஆறு வருஷத்துக்கு முன்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினது அவருக்கு இங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

வேலாத்தாள் அவர் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்திருந்தாள்.

*

“கால் பிடிப்பு விட்டிருச்சுங்களே” என்றாள் அப்புறம். “இப்ப ஏறுனாலும் உச்சியைத் தொட்டுட்டு இருட்டுக்குள்ள கேட்டுக்குப் போயிரலாம். நேரமிருக்குது.”

ராக்கியப்பன் எழுந்தார். காலை உதறிப் பார்த்தார். வலித்தது, ஆனால் தாங்கியது. அஞ்சாம் முடி அவருக்கு நேர் எதிரே, மேகம் ஒன்றுகூட இல்லாமல் நின்றது.

“அந்தப் பக்கம் எறங்குனா சேம்பரைக்கு எந்நேரமாகுமுங்க?”

“மூணு மணி நேரம். இந்தக் காலோட நாலு.”

“அங்கயும் கேட் இருக்குதுங்களா?”

“இருக்குது. ஆறு மணி வரைக்கும் ஆள் இருப்பாங்க.”

“செரிங்க.”

அவள் தன் தடியையும் அவரிடம் கொடுத்தாள். இரண்டு தடியோடு இறக்கம் சுலபம். அந்தப் பக்கப் பாதை காட்டுக்குள் நுழைகிற இடம் வரைக்கும் கூடவே போனாள். அதற்கு மேல் போகவில்லை.

“போயி அவர்கிட்ட என்னங்க சொல்லுவீங்க?”

“நான் எங்கீங்க அம்மணி சொல்றது. வாசல்ல என்னைக் கண்டதும் அவன்தான் சொல்லுவான், ‘போடா’ன்னு.”

“சொன்னா?”

ராக்கியப்பன் இரண்டு தடியையும் கீழே ஊன்றி, வலிக்கிற காலை முதலில் இறக்கினார்.

“போக மாட்டனுங்க.”