இலைக்கோழி வாங்கிய டேப்

தத்தன் என்ற இலைக்கோழி ஏரி நடுவே ஒரு தாமரை இலைமேல் நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தான். முட்டையிட்டவள் அடுத்த ஏரிக்குப் போய்விட்டாள். இலைக்கோழிகளில் அதுதான் வழக்கம். இடுவது அவள் வேலை, காப்பது அவன் வேலை. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

வருத்தம் வேறு. அந்த ஏரிக்கு மலை அணையிலிருந்து தண்ணீர் வரும். மதகைத் திறந்தால் ஏரி தளும்பும். தளும்பிய தண்ணீர் ஏரியின் கடைக்கோடியில் இருக்கும் கலிங்குச் சுவரைத் தாண்டிக் குதித்து ஓடும். அதோடு இலையும் அறுந்து ஓடும். போன வருடம் அப்படித்தான் ஓடியது. இலைமேல் நான்கு முட்டைகள் இருந்தன.

இந்த வருடம் அணைக்காரர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். மதகைத் திறக்கும் முன்பு எல்லாருக்கும் செய்தி அனுப்புவார்கள். செய்தி வந்து அரை மணியில் தண்ணீர் வரும். அரை மணி போதும். சிறகுக்கு இரண்டாக முட்டைகளை இடுக்கிக்கொண்டு மேட்டிலிருக்கும் கோரைப் புதருக்குப் போய்விடலாம். இலைக்கோழிக்கு அது தெரிந்த வித்தைதான்.

ஆனால் செய்தி வந்து சேர ஒரு சாமான் வேண்டுமே? தத்தனிடம் இல்லை.

பக்கத்து மண்திட்டு வளையில் இருந்த நண்டு கொடுக்கனிடம் ஒரு பழைய போன் இருந்தது. கொடுக்கால் தட்டித் தட்டி அதன் கண்ணாடி முழுக்க விரிசல்.

“எதுக்கு மாப்ளே வீணா அலையணும்? எனக்குச் செய்தி வந்தா நான் வந்து கத்தறேன்” என்றான் கொடுக்கன்.

“இதுலயா? பாதி எழுத்து தெரியலையே மச்சான்!”

“மதகுங்கறது தெரியுது. மீதி எனக்கு எதுக்கு?”

“நீ தொட்டதெல்லாம் உடையுது. என் பிள்ளைங்க உசுரு உன் கொடுக்குலயா தொங்கணும்? நான் நல்லதா ஒண்ணு வாங்கிக்கறேன்!”

கொடுக்கன் விடுக்கென்று வளைக்குள் போய்விட்டான். நண்டுக்கும் ரோஷம் உண்டு.

போன் தத்தனுக்கு ஆகாது. இலைமேல் நடக்கிற ஜாதிக்கு விரல் நீளம். ஒன்றைத் தொட்டால் ஒன்பது திறக்கும். அதனால் பெரிய திரை வேண்டும், டேப்தான் சரி என்று முடிவு செய்தான். அதுவரை அவன் செய்ததில் தப்பில்லை.

வெயில் நேரத்தில் முட்டைகள் தாமாகவே சூடாக இருக்கும். அந்த இரண்டு மணி நேரம்தான் இலைக்கோழிக்கு ஓய்வு. விலையாகக் கொடுக்க ஒரு கூடை தாமரை விதையைத் தூக்கிக்கொண்டு தத்தன் கரைக்குப் பறந்தான்.

கரையில் எதிரெதிரே இரண்டு கடைகள். வரியன் என்ற அணில் இலந்தை பிராண்டு விற்றான். மஞ்சக்கண்ணி என்ற மைனா மின்மினி பிராண்டு விற்றாள்.

இலைக்கோழிக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் ஏறி நின்று பார்க்கும். பிறந்ததிலிருந்து அதற்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்: ‘இது என்னைத் தாங்குமா?’

தத்தன் இலந்தை டேப்மேல் ஏறி நின்றான்.

“நில்லுங்கண்ணே, தாராளமா நில்லுங்க! இலந்தை எதையும் தாங்கும்!” என்றான் அணில்.

எதிர்க்கடையிலிருந்து மைனா சிரித்தாள். “இலந்தையா? ஐயோ பாவம்! அதோட சார்ஜர் தொலைஞ்சா வேற எதுவும் சேராதுண்ணே! இங்க வாங்க!”

“மின்மினியா? வெயில்ல அந்தத் திரையில உன் முகம் மட்டும்தான் தெரியும்!” என்றான் அணில்.

“என் முகத்துக்கு என்னடா குறைச்சல், வால்பையா!”

தத்தன் மின்மினி மேலும் ஏறி நின்றான். அதுவும் தாங்கியது. குழப்பம் அதிகமானது.

“இதுல எத்தனை ஜிபி?” என்று கேட்டான். ஜிபி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது.

“அறுபத்திநாலு” என்றாள் மைனா.

“போதாதே” என்றான்.

“நம்மகிட்ட நூத்தி இருபத்தெட்டு!” என்றான் அணில்.

“அவ்வளவு எதுக்கு?” என்றான் தத்தன்.

இரண்டு மணி நேரம் முடிந்தது. விதைக்கூடையோடு திரும்பி வந்து முட்டைகள்மேல் உட்கார்ந்தான்.

மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும் போனான். இலந்தையில் பேட்டரி இரண்டு நாள் நிற்கும். மின்மினியில் மூன்று நாள் நிற்கும், ஆனால் சூடாகும். இலந்தையில் படம் தெளிவாக விழும். மின்மினியில் பாட்டு நன்றாகக் கேட்கும். தத்தன் படம் எடுப்பதில்லை. பாட்டு கேட்பதில்லை. இருந்தாலும் ராத்திரியெல்லாம் முட்டைகள்மேல் உட்கார்ந்து இதையே யோசித்தான்.

அணைச் செய்தி வருமா என்று மட்டும் இரண்டு கடையிலும் அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வரும் என்று சொல்லியிருப்பார்கள். எதிலும் வரும். கொடுக்கனின் உடைந்த போனிலேயே வரும்.

நான்காம் நாள் மதியம் அணிலும் மைனாவும் ஒரே இலையில் சாப்பிடுவதைத் தத்தன் பார்த்தான். அதிலிருந்தும் அவன் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் தத்தன் கிளம்பும் நேரத்தில் கொடுக்கன் வளையிலிருந்து தலையை நீட்டினான்.

“மாப்ளே, மேக்கால கறுத்திருக்கு பாத்தியா?”

“பாத்தேன். இன்னிக்கு முடிவு பண்ணிடுவேன்.”

“அஞ்சு நாளா இதைத்தானே சொல்றே? பொண்ணு பாக்கறவன்கூட மூணு நாள்ல தலையாட்டிடுவான்!”

தத்தன் காதில் வாங்காமல் பறந்தான். கரைக்குப் போனால் மைனாவின் கடை பூட்டியிருந்தது. இலந்தையை வாங்கிவிட்டான். ஐந்து நாள் யோசனை இப்படி முடிந்தது.

“பொத்தானை அமுக்கிட்டேன்ணே. முதல் தடவைங்கறதால அப்டேட் ஆகும். அதுவரைக்கும் தொடாதீங்க” என்றான் அணில். “உறை கிறை ஏதாவது வேணும்னா பக்கத்துல பச்சையப்பன் கடை.”

அப்போதே கிளம்பியிருந்தால் இந்தக் கதை இல்லை.

பச்சையப்பன் ஒரு பச்சோந்தி. டேப்புக்கு மாட்டுகிற, ஒட்டுகிற, செருகுகிற சாமான் எல்லாம் வைத்திருந்தான்.

“கண்ணாடி ஒட்டிடலாமா சார்?”

“ஒட்டு.”

“கீபோர்டு?”

“என் விரலுக்குக் கீபோர்டு சரிவருமா?”

“வராது. ஆனா எல்லாரும் வாங்கறாங்க.”

“கொடு.”

பேனா வாங்கினான். நிற்க வைக்க ஸ்டாண்டு வாங்கினான். சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது என்று பவர் பேங்க் வாங்கினான். எல்லாவற்றையும் வைக்க ஒரு பை வாங்கினான். பைக்கு வார் இரண்டு. சிறகடியில் விட்டு இறுக்கிக் கட்ட வேண்டும்.

“உறை தண்ணியில நனையாது, மூழ்காது. மிதக்கும்” என்றான் பச்சையப்பன். “எந்த நிறத்துல வேணும்? இதோ, கிளிப்பச்சை.” சொன்னபடியே அவன் உடம்பு கிளிப்பச்சை ஆனது. “செங்கல்.” செங்கல் ஆனான். “நீலம்.” நீலமானான்.

“என் கழுத்து மஞ்சள், வால் கறுப்பு. ரெண்டுக்கும் ஒத்துப்போற மாதிரி காட்டேன்” என்றான் தத்தன்.

பச்சோந்தி பாதி மஞ்சளும் பாதி கறுப்புமாக மாற முயன்று கொண்டிருந்தபோது, கரைமேல் பக்கவாட்டில் ஓடி வந்தான் கொடுக்கன். மூச்சு வாங்கியது.

“மாப்ளே! மதகு!”

“ஒரு நிமிஷம் மச்சான். நீலம் நல்லாருக்கா, மஞ்சள் நல்லாருக்கா?”

“மதகு திறக்கறாங்கடா!”

தத்தன் தன் புது டேப்பைப் பார்த்தான். பதினாலு சதவீதம் என்று காட்டியது.

“என்னுதுல வரலையே?”

“உன்னுது இன்னும் பொறக்கவே இல்லடா! செய்தி வந்து இருபது நிமிஷமாச்சு. நண்டு நடையில வேற எவ்வளவு வேகமா வரமுடியும்?”

அப்போதுதான் தத்தனுக்கு உறைத்தது. மிச்சம் பத்து நிமிடம். கையில் கிடைத்த நீல உறையை டேப்பில் மாட்டிப் பையில் திணித்தான். பையை முதுகில் இறுக்கிக் கட்டினான். கொடுக்கன் அவன் நீள வாலைப் பிடித்துத் தொங்கினான். பறந்தார்கள்.

வழக்கமாக ஐந்து எண்ணுவதற்குள் போய்ச் சேருகிற தூரம். சுமையோடு நெடுநேரம் ஆனது. மேல் வாய்க்காலில் தண்ணீர் இரைகிற சத்தம் கேட்டது. கொடுக்கன் பாதியிலேயே தண்ணீரில் குதித்துவிட்டான். தத்தன் தன் இலைமேல் இறங்கினான்.

இலை அமிழ்ந்தது.

இறகு கனமே உள்ளவனைத்தான் அந்த இலை தாங்கிப் பழகியிருந்தது. கீபோர்டையும் பவர் பேங்கையும் அது பார்த்ததில்லை. ஐந்து நாள் தத்தன் எல்லாவற்றின்மேலும் ஏறி நின்று பார்த்தான். இவற்றை ஏற்றினால் இலை என்ன ஆகும் என்று பார்க்கவில்லை.

விளிம்பு சாய்ந்தது. ஒரு முட்டை உருண்டு தண்ணீரில் விழுந்தது.

“ஐயோ!”

தத்தன் சிறகை விரித்தான். முட்டையை இடுக்க இடமில்லை. சிறகடியில் வார் இறுகியிருந்தது. அவிழ்க்கப் பார்த்தான். பச்சையப்பன் நல்ல வாராகத்தான் கொடுத்திருந்தான். முதல் அலை வந்து இலையைத் தூக்கியது. மீதி மூன்று முட்டைகளும் ஒன்றோடொன்று மோதின.

அப்போது தண்ணீருக்குள்ளிருந்து கொடுக்கன் மேலே வந்தான். இடது கொடுக்கில் முட்டை இருந்தது.

“அமுக்கிடாதே மச்சான்! உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், அமுக்கிடாதே!”

“நான் அமுக்கல. நீ ஆடாம நில்லு. நீ ஆடினாத்தான் உடையும்.”

கொடுக்கன் இலைமேல் ஏறினான். தத்தன் மூச்சை அடக்கி நின்றான். கொடுக்கன் முட்டையைப் பூப்போல இறக்கி வைத்தான். விரிசல் இல்லை. பிறகு தத்தனின் முதுகில் ஏறி, கொடுக்கால் ஒரே நறுக்கு. ஒரு வார் போயிற்று. இன்னொரு நறுக்கு. பை தண்ணீரில் விழுந்து வாய் பிளந்தது.

இலை சட்டென்று மேலே வந்தது.

தத்தன் சிறகுக்கு இரண்டாக நான்கு முட்டைகளையும் இடுக்கினான். அடுத்த அலை வருவதற்குள் இலைக்கு இலை தாவி மேட்டுக் கோரைக்குப் போய்ச் சேர்ந்தான். திரும்பிப் பார்த்தபோது அவன் கூடு இருந்த இலை கலிங்கைத் தாண்டிக்கொண்டிருந்தது.

கீபோர்டு, ஸ்டாண்டு, பவர் பேங்க், பேனா எல்லாம் மூழ்கிவிட்டன. பச்சையப்பன் பொய் சொல்லவில்லை. நீல உறை மட்டும் மிதந்தது. கலிங்கு விளிம்புக்கு வந்ததும் உறைக்குள்ளிருந்து ‘டிங்’ என்று சத்தம் கேட்டது. அப்டேட் முடிந்துவிட்டது போலிருக்கிறது. செய்தி வந்திருந்தது.

டேப் கீழே விழுந்து போயிற்று.

“என்ன பிராண்டு அது?” என்று கேட்டான் கோரையைப் பிடித்து ஏறி வந்த கொடுக்கன்.

“இலந்தை.”

“நல்லாத்தான் சத்தம் வருது” என்றான் கொடுக்கன்.

எட்டு நாள் கழித்து நான்கு குஞ்சுகள் பொரித்தன. அடுத்த பருவத்தில் ஒரு நீர்க்கோழி முட்டையிட ஏரிக்கு வந்தது. வந்ததும் தத்தனிடம், “அண்ணே, நீங்க கடைகடையா ஏறி இறங்கினவராமே. இலந்தை நல்லதா, மின்மினி நல்லதா?” என்று கேட்டது.

தத்தன் தன் நீள விரலை நீட்டி நண்டு வளையைக் காட்டினான்.

“அதுக்குப் பக்கத்துல கூடு கட்டு” என்றான்.

எதற்கு வேண்டும் என்று கேட்காமல் எது உயர்ந்தது என்றே தேடுகிறவன், உயர்ந்ததைச் சுமந்து வருவதற்குள் வேண்டியதைத் தொலைப்பான்.