வரம்பை மாற்றும் சாவி

மாசிலாமணி ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். வயது அறுபத்து மூன்று. அவருக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்த சுடர்க்கொடிக்கு முப்பது. குருவுக்குத் தாடி இருந்தே ஆக வேண்டும் என்பவர்கள் சீடருடையதைப் பார்த்துத் திருப்தி அடையலாம்.

பார்வையற்ற பிள்ளைகளுக்கு விடுதி கட்டப் பலரும் பணம் தர இருந்தார்கள். அதைக் காக்க அவர் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற நிரல் ஒன்றை எழுதினார். அது பணத்தை வைத்துக்கொண்டு, எழுதிய விதிப்படி மட்டுமே வெளியே விடும். யாரும் திருத்த முடியாத பொதுப் பதிவேடான பிளாக்செயினில் ஏற்றிவிட்டால், எழுதியவரே அழுதாலும் விதி மாறாது. ஏற்றிவிட்டு, பணம் வரத் தொடங்குமுன் சுடர்க்கொடியிடம் கொண்டுவந்தார்.

எழுதியவரையே வரிவரியாக உரக்க வாசிக்கச் சொல்வது அவள் வழக்கம்.

"மாதம் இரண்டு லட்சத்துக்கு மேல் எடுக்க முடியாது. யார் கேட்டாலும்."

"சரி. அடுத்தது?"

அவர் தண்ணீர் குடித்தார். "அந்த வரம்பை உரிமையாளர் மாற்றலாம்."

"உரிமையாளர் யார் சார்?"

"நான்தான் டீச்சர். சாவி என்னிடம் இருக்கும்."

"எதற்கு?"

"ஒரு ஆத்திர அவசரத்துக்கு."

அவள் திரையிலிருந்து கண்ணெடுத்துக் கேட்டாள். "வீட்டில் எப்படி இருக்கிறார்கள்?"

"அவளுக்கு ஈரல் மாற்ற வேண்டுமாம். வீட்டை விற்றாலும் போதாது."

அவள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

உரிமையைத் துறப்பதற்கு இந்தத் தொழிலில் ஒரு கட்டளை உண்டு; கொடுத்தபின் சாவி செல்லாது. துறவறத்திலிருந்து வீடு திரும்பியவர்கள் இருக்கிறார்கள். இதிலிருந்து யாரும் திரும்பியதில்லை.

"கொடுத்துவிட்டால் அப்புறம் நான் நினைத்தாலும் திறக்காதே."

"திறக்காது."

"நியாயமான தேவை ஒன்று வந்தால்?"

"வரும் சார். அப்போதும் திறக்காது."

"உங்களுக்குக் கல்நெஞ்சு டீச்சர்."

"எனக்கு இல்லை. அதற்குத்தான் இதை எழுதுகிறோம்."

அவர் நிரலை முதலிலிருந்து மறுபடி ஒருமுறை வாசித்தார். பிறகு கட்டளையைக் கொடுத்தார்.

மாசியில் அவர் மனைவி இறந்தார். காரியம் முடிந்ததும் மாசிலாமணி சுடர்க்கொடியிடம் வந்தார். விடுதிக்கு முதல் தளம் எழும்பியிருந்தது.

"அந்தச் சாவி இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள்."

"பிழைத்திருக்கலாம்."

"நான் எடுத்திருப்பேன் டீச்சர். கைகூட நடுங்கியிருக்காது."

"தெரியும் சார்."

"அன்றைக்கே தெரியுமா?"

"எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்," என்றாள் சுடர்க்கொடி. "உங்களுக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதனால்தான் என்னிடம் கொண்டுவந்தீர்கள்."