குச்சி சொன்ன பொலி

வயல் வரப்புக்குள் எலிக்கூட்டம் ஒன்று குடியிருந்தது. மழைக்காலத்துக்காக ஆழமான குழியில் நெல்லைச் சேர்த்து, மேலே களிமண் பூசி மூடியிருந்தன. திறந்தால் ஈரம் ஏறிவிடுமாம்! அதனால் மூடியில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாக ஒரு குச்சியை இறக்கிப் பார்க்கும். குச்சி ஆழமாகப் போனால் நெல் குறைவு. மேலேயே முட்டினால் குழி நிறைய நெல்.

குச்சி பிடிப்பவன் நெட்டைவாலன். குச்சி அவனிடம் இருந்ததால்தான் அவன் தலைவன். வேறு தகுதி ஒன்றும் கிடையாது.

அறுவடை முடிந்ததும் ஒரு மழை பெய்து ஓய்ந்தது. நெட்டைவாலன் குச்சியை இறக்கினான். முன்பைவிட மேலேயே முட்டியது!

"பொலி! பொலி!" என்று கத்தினான். நெல் பெருகட்டும் என்று மனிதர்கள் களத்தில் கூவும் சொல் அது. "அவங்க சும்மா கூவலடா! நம்ம குழியில நெல்லு தானாப் பொலியுது!"

எலிகள் துள்ளிக் குதித்தன. சாம்பி என்ற பெண் எலி மட்டும் ஓட்டையில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். அவள் அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள்.

"அண்ணே, யாரும் போடாம நெல்லு எப்படிண்ணே ஏறும்? புளிச்ச வாடை வேற வருது. ஒரு தடவை திறந்து பாத்துடலாமே!"

"குச்சி பொய் சொல்லுமா? வாயை மூடு!" என்று சீறினான் நெட்டைவாலன். "இனிமே யாரும் வயல்ல கதிர் பொறுக்கப் போக வேணாம். கௌதாரிங்க தின்னுட்டுப் போகட்டும்!"

கௌதாரிகள் விடுமா? வயலைத் துடைத்து வைத்துவிட்டுப் போயின.

பிறகு அடைமழை பிடித்தது. வயலெங்கும் வெள்ளம். சாம்பியின் குட்டிகள் பசியில் கீச்சிட்டன. எலிகள் மூடியை உடைத்தன.

ஐயோ! மழைத் தண்ணீர் எப்போதோ உள்ளே கசிந்திருந்தது. நெல் ஊறி, உப்பி, முளைவிட்டு, கறுத்து அழுகிக் கிடந்தது. வாய் வைக்க ஒரு மணி இல்லை!

நெட்டைவாலன் மறுபடியும் குச்சியை இறக்கினான்.

"நிறைஞ்சுதானே இருக்கு! பாருங்க, மேலயே முட்டுதே!"

"குட்டிங்களுக்குக் குச்சியையாடா ஊட்டச் சொல்றே?" என்று அலறினாள் சாம்பி.

குட்டிகளில் ஒன்றை மட்டும் கவ்விக்கொண்டு அவள் வெள்ளத்தில் இறங்கினாள். அவளால் கவ்வ முடிந்தது ஒன்றைத்தான்.

அளக்கும் கருவி தான் தொட்டதை மட்டுமே சொல்லும். அதை நம்பிக் கண்ணையும் மூக்கையும் மூடிக்கொள்பவர்கள், நிறைந்த குழியின் மேலேயே பட்டினி கிடப்பார்கள்.