பதில் வராத அலைவரிசை

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேடாதீர்கள். இந்தக் கதையின் குரு கேப்டன் மெட்டில்டா. தூத்துக்குடிக்காரர், இன்னும் நாற்பதைத் தொடாதவர். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். சீடர் அய்யலுசாமிக்கு ஐம்பத்தாறு வயது. கோவில்பட்டியில் பம்புசெட் வியாபாரம். சீடர் குருவை "மேடம்" என்பார். குரு சீடரை "சார்" என்பார். உலகம் இப்படியும் நடக்கிறது.

பயிற்சிப் பள்ளியின் ஓடுதளம் கரிசல் காட்டுக்கு நடுவே கிடந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. ஏறு, இறங்கு என்று சொல்ல ஆள் கிடையாது. அப்படிப்பட்ட இடங்களில் ஒரு வழக்கம் உண்டு. விமானி தான் எங்கே இருக்கிறார், அடுத்து எங்கே திரும்பப் போகிறார் என்று ரேடியோவில் அவராகவே சொல்லிக்கொண்டு வரவேண்டும். அந்த அலைவரிசையில் இருப்பவர்கள் கேட்டுக்கொள்வார்கள். குறுக்கே வேறு விமானம் வந்தால், ஓடுதளத்தில் மாடு நின்றால் யாராவது பதில் சொல்வார்கள். மற்றபடி பதில் வராது.

அய்யலுசாமி எல்லாவற்றையும் சுருக்காகக் கற்றுக்கொண்டார். இந்த ஒன்றில் மட்டும் முரண்டு பிடித்தார்.

"ஓடுதளத்துக்கு இணையாகப் போகிறேன். இடப்பக்கம் திரும்பப் போகிறேன்" என்று ரேடியோவில் சொல்வார். ஆங்கிலத்தில்தான் சொல்வார்கள், நான் தமிழில் எழுதுகிறேன். சொல்லிவிட்டுத் திரும்பமாட்டார். காதில் மாட்டிய ஹெட்செட்டை ஒரு கையால் அழுத்திக்கொண்டு காத்திருப்பார். ஓடுதளம் பின்னால் போய்விடும். திரும்புவதற்கு அடையாளமான கண்மாயும் போய்விடும்.

"சார், திரும்புங்க."

"பதில் வரல மேடம்."

"வராது சார். திரும்புங்க."

தினமும் இதே கூத்து. மற்ற ஆசிரியர்கள் மெட்டில்டாவிடம், "அந்த மனுசன வீட்டுக்கு அனுப்பிருங்க, உங்களுக்கு எதுக்கு இந்தப் பாவம்" என்றார்கள். அவர் கேட்டுக்கொண்டார். அனுப்பவில்லை.

கிழக்கே விமானப்படையின் வான் எல்லை இருந்தது. வரைபடத்தில் அதற்குச் சிவப்புக் கோடு உண்டு. வானத்தில் கோடு எதுவும் தெரியாது. அனுமதி கேட்காமல் உள்ளே போகக் கூடாது. ஒருநாள் காலை அய்யலுசாமி பதிலுக்குக் காத்திருந்து காத்திருந்து, அந்த எல்லையின் விளிம்புக்கே விமானத்தைக் கொண்டுபோய்விட்டார். மெட்டில்டா விமானத்தைத் தன் கைக்கு வாங்கிச் சட்டென்று திருப்பினார்.

இறங்கியதும் மெட்டில்டா கேட்டார். "தெரியாமச் செய்றீங்களா சார், தெரிஞ்சே செய்றீங்களா?"

"தெரிஞ்சேதான் மேடம்."

"இன்னொரு தடவ இப்படி நடந்தா நான் உங்கள மேல கூட்டிட்டுப் போகமாட்டேன். உங்க உசுரு மட்டும் இல்ல, மேல வர்ற மத்தவங்க உசுரும் இருக்கு."

அய்யலுசாமி தலையாட்டினார். இறக்கையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஒரு கேள்வியைக் கேட்காமல் வைத்திருந்தார். அது என்ன கேள்வி என்று மெட்டில்டாவுக்கும் ஓரளவு தெரியும். இருவருமே அதைத் தொடாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அய்யலுசாமியின் மகன் கோகுல்நாத் இதே பள்ளியில் படித்தவன். போன வருஷம் தனியாகப் பறந்துவிட்டு இறங்க வந்தான். ஓடுதளத்துக்குச் சற்று முன்னால் ஒரு பருந்து முன் கண்ணாடியில் மோதியது. விமானம் பருத்திக் காட்டில் விழுந்தது. ஒரே பிள்ளை.

துக்க வீட்டுக்கு ஒரு விமானி வந்தார். அந்த நேரத்தில் உயரே அந்தப் பக்கமாகக் கடந்துபோனவர். அய்யலுசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பையன் கடைசி வரைக்கும் ஒழுங்காப் பேசினான் சார். ஒவ்வொரு திருப்பத்துலயும் சொன்னான்" என்றார்.

"யாரு பதில் சொன்னா?"

"யாரும் சொல்லல சார்."

ஆறுதல் சொல்ல வந்தவர் போய்விட்டார். அவர் சொன்ன கடைசி வார்த்தை அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. சில மாதம் கழித்து அய்யலுசாமி விமானம் ஓட்டப் படிக்கப்போகிறேன் என்றபோது அவர் மனைவி, "ஒத்தப் பிள்ளையக் குடுத்தது பத்தாதாக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது அய்யலுசாமி அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். "மேடம், வீட்டுல அவன் 'அப்பா'ன்னா போதும். நான் எந்த வேலையில இருந்தாலும் 'என்னப்பா'ன்னுருவேன். இங்க அவ்வளவு தடவ பேசியிருக்கான். ஒரு சனம் வாயத் தொறக்கலயே. நாதியத்தவனாட்டம் பேசிக்கிட்டே போய்ச் சேந்துட்டானே. யாருமே இல்லாமயா மேடம் எம்புள்ள போனான்?"

மெட்டில்டா அறைக்குப் போய் ஒரு கை ரேடியோவை எடுத்துவந்து அவரிடம் கொடுத்தார்.

"நான் தனியா ஒரு சுத்துப் போய்ட்டு வர்றேன். நீங்க இங்கயே நில்லுங்க. ஓடுதளத்துல ஏதாவது தடங்கல் வந்தா, வேற விமானம் குறுக்க வந்தா, இந்தப் பட்டன அழுத்திச் சொல்லுங்க. இல்லன்னா அழுத்தக் கூடாது. நீங்க அழுத்தியிருக்கிற நேரத்துல வேற யாரும் பேச முடியாது."

விமானம் மேலே ஏறியது. அய்யலுசாமி ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார்.

"ஓடுதளத்துக்கு இணையாகப் போகிறேன்" என்றது மெட்டில்டாவின் குரல். அய்யலுசாமி அண்ணாந்து வானத்தில் தேடினார். குரல் சொன்ன இடத்தில் விமானம் இருந்தது.

"இடப்பக்கம் திரும்புகிறேன்." ஓடுதளத்தின் தூரத்து முனையில் ஆட்டு மந்தை ஒன்று தெரிந்தது. அவர் விரல் பட்டனுக்குப் போனது. ஆட்டுக்காரர் மந்தையை மறுபக்கம் திருப்பினார். விரல் இறங்கியது.

"இறங்க வருகிறேன்." அய்யலுசாமி, விமானத்துக்கு முன்னால் வானத்தில் பருந்து ஏதும் இருக்கிறதா என்று மேலும் கீழும் தேடினார். ஓடுதளத்தைப் பார்த்தார். மறுபடி வானத்தைப் பார்த்தார். சக்கரம் தரையைத் தொட்டு விமானம் ஓடி நின்றபோது, அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மெட்டில்டா நடந்து வந்தார்.

"நான் பேசினது கேட்டுச்சா சார்?"

"எல்லாம் கேட்டுச்சு மேடம்."

"ஒரு வார்த்த திரும்பச் சொல்லலியே நீங்க."

"சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல. வழி காலியா இருந்துச்சு. நீங்களும் சரியா வந்தீங்க."

"அப்ப சும்மாதான் நின்னீங்க."

அய்யலுசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன மேடம் சும்மாங்கிறீங்க? நீங்க சக்கரத்தத் தரையில வைக்கிற வரைக்கும் என் உசுரு எங்கிட்ட இல்ல."

சொல்லி முடித்தவர் கையிலிருந்த ரேடியோவைப் பார்த்தார். பிறகு மெட்டில்டாவைப் பார்த்தார். மெட்டில்டாவின் கண்கள் நிறைந்திருந்தன.

"அன்னைக்கு இது யாரு கையில இருந்துச்சு மேடம்?"

"என் கையில."

"அவன் பேசினதெல்லாம்..."

"ஒண்ணுவிடாமக் கேட்டேன் சார். குறுக்க சொல்ல எனக்கு ஒண்ணுமே இல்ல. அவ்வளவு அழகா வந்துக்கிட்டு இருந்தான்."