வாழ்த்தோடு வந்த தூக்குவாளி

அடுக்குமாடிக் குடியிருப்பின் தலைவர் ஆளவந்தாருக்கு ஒருநாள் திடீரென்று வீராவேசம் வந்துவிட்டது. வாட்ச்மேன் சடையனைக் கூப்பிட்டார்.

“இனிமேல் நம்ம பண்டிகைக்கு மட்டும்தான் வாழ்த்து. வேற பண்டிகை வாழ்த்து எதுவும் இந்த கேட்டைத் தாண்டி என் வீட்டுக்கு வரக் கூடாது. வந்தா உன் வேலை போயிடும்.”

“ஆகட்டுங்க” என்றான் சடையன்.

ரம்ஜான் வந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டு கதீஜாம்மா வருஷா வருஷம் தூக்குவாளி நிறைய பிரியாணி அனுப்புவார். அதை நம்பி ஆளவந்தார் வீட்டு அடுப்புக்கு அன்று லீவு. மத்தியானம் தாண்டியும் வாளியைக் காணோம். பசி பொறுக்காமல் இறங்கி வந்தவர், சடையனின் மேஜையில் மணத்தோடு உட்கார்ந்திருந்த வாளியைப் பார்த்துவிட்டார்.

“இது யாருக்குடா?”

“உங்களுக்குத்தாங்க. பெருநாள் வாழ்த்தும் சொல்லச் சொல்லி கதீஜாம்மா குடுத்தாங்க. வாழ்த்து உள்ளே வரக் கூடாதே. பிரியாணியை மட்டும் தனியா பிரிச்சுடலாம்னு பார்த்தேன், எனக்கு வரலைங்க.”

மாடிக்கு மாடி தலைகள் எட்டிப் பார்த்தன.

“சரி, வாழ்த்தும் வரட்டும்” என்று ஆளவந்தார் கை நீட்டினார். சடையன் வாளியை விடவில்லை.

“வாங்கிட்டு சும்மா இருக்கலாமாங்க? அந்தம்மா வாசல்லயே நிக்கிறாங்க.”

ஆளவந்தார் எதிர்வீட்டைப் பார்த்து, “பெருநாள் வாழ்த்துங்க” என்று முனகினார்.

“கேக்கலையாம். கொஞ்சம் சத்தமாங்க.”

தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார். வாளியை அணைத்தபடி படியேறியவர் பாதியில் நின்றார்.

“சடையா, கிறிஸ்துமஸ் கேக் வந்தா நேரா மேலே அனுப்பிடு.”

“வாழ்த்தோடயாங்க?”

“வாழ்த்தோடதான்டா.”